ஒரே சர்வருக்குள் இருக்கும் இரண்டு விஎம்களுக்கு (விர்ச்சுவல் மெஷின், சர்வருக்குள் மென்பொருளால் ஓடும் தனிக் கணினி) நடுவே இவ்வளவு மந்தமா?

எச்எஸ்ஆர்_வாசி:
பெங்களூரில் எங்களுடையது சின்ன ஆபீஸ். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு பழைய சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதே வேலையைச் செய்யும் விஎம்வேரில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு லினக்ஸ் விஎம்களை அதற்கு மாற்றினேன். ஒன்று டேட்டாபேஸ், மற்றது பேக்கப். 40 ஜிபி டம்ப் (டேட்டாபேஸின் நகல்) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக கால் மணி நேரம் ஆகிறது. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 போட்டால் 420 எம்பிபிஎஸ்தான் காட்டுகிறது. கேட்6 கேபிள் மாற்றினேன், சுவிட்சில் வேறு போர்ட் பார்த்தேன், நேற்று ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்தும் ஒரு முன்னேற்றமும் இல்லை. எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 ஆக்கிப் பார்க்கலாமா?

பழையகர்னல்:
கேபிளை விடுங்க ஜி. இரண்டு விஎம்மும் ஒரே பிரிட்ஜில் (சர்வருக்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச்), ஒரே சப்நெட்டில் (ஒரே ஐபி வரிசை) இருந்தால் பாக்கெட் சர்வரை விட்டு வெளியே வராது, எல்லாம் மெமரிக்குள்ளேயே முடிந்துவிடும். கேபிளைப் பிடுங்கிவிட்டு ஐபெர்ஃப் ஓட்டினாலும் அதே 420தான் வரும். எம்டியுவையும் இப்போது தொடாதீர்கள், புதுத் தலைவலி. விஎம்மில் ஈத்டூல் கமாண்ட் போட்டு நெட்வொர்க் கார்டின் டிரைவர் பெயர் என்னவென்று சொல்லுங்கள்.

எச்எஸ்ஆர்_வாசி:
இரண்டிலும் இ1000. ஸ்பீடு 1000 என்று காட்டுகிறது, அதனால் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

பழையகர்னல்:
அதேதான். அந்த 1000 சும்மா ஒப்புக்கு. இ1000 என்பது இன்டெலின் பழைய 82540இஎம் கார்டைப் போல க்யூஎமு (ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்மின் ஹார்டுவேரைப் பாவனை செய்யும் மென்பொருள்) போடும் வேஷம். விஎம் அந்தக் கார்டின் ரெஜிஸ்டரைத் தொடும்போதெல்லாம் சிபியு வேலையை நிறுத்திவிட்டு ஹாஸ்டுக்கு (விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வர்) தாவ வேண்டும், திரும்ப வேண்டும். ஐபெர்ஃப் ஓடும்போது ஹாஸ்டில் டாப் கமாண்ட் போட்டுப் பாருங்கள், விஎம்மை ஓட்டும் கேவிஎம் புராசஸ் ஒரு சிபியு கோரை மொத்தமாகத் தின்றுகொண்டிருக்கும். விஎம்முக்கென்றே செய்த இன்னொரு கார்டு மாடலான விர்ட்ஐஓவுக்கு அந்த வேஷமெல்லாம் கிடையாது, தான் விஎம்முக்குள் இருப்பது அதற்குத் தெரியும், பாக்கெட்டுகளைக் கொத்தாக ஒரு ரிங்கில் (இரண்டு பக்கமும் பகிரும் மெமரி வரிசை) வைக்கும், ஹாஸ்ட் கர்னலில் இருக்கும் விஹோஸ்ட்-நெட் என்ற பகுதி எடுத்துக்கொள்ளும்.

விஎம்மை ஷட்டவுன் செய்துவிட்டு கார்டின் மாடலை விர்ட்ஐஓ என்று எடிட் மட்டும் செய்யுங்கள். கார்டை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) மாறிவிடும், ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியில் கட்டி வைத்த ஐபியும் போய்விடும் (ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் தொலைத்தவன் நான்).

மல்லேஸ்வரம்_மணி:
ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள், இரண்டு பக்கமும் மாற்றணும். விண்டோஸ் விஎம் இருந்தால் முதலில் உள்ளே விர்ட்ஐஓ டிரைவர் போட்டுவிட்டு அப்புறம் மாற்றுங்கள், இல்லையென்றால் நெட்வொர்க்கே இருக்காது.

எச்எஸ்ஆர்_வாசி:
மாற்றியாச்சு அண்ணா! ஐபெர்ஃப் 11 ஜிபிபிஎஸ். ஆனால் டம்ப் காப்பி 4 நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லையே?

பழையகர்னல்:
40 ஜிபி 4 நிமிடத்தில் என்றால் நொடிக்கு சுமார் 170 எம்பி. உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க்தானே? அதனிடம் அவ்வளவுதான் இருக்கும். இனி நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள்.

எச்எஸ்ஆர்_வாசி:
ஆமாம், சாட்டா டிஸ்க்தான். கடைசியாக ஒன்று, இப்போது ஈத்டூலில் ஸ்பீடு 'அன்நோன்' என்று வருகிறது, ஏதாவது பிரச்சினையா?

மல்லேஸ்வரம்_மணி:
விர்ட்ஐஓவில் அப்படித்தான் வரும். கண்டுக்காதீங்க.