மல்லாட்டைக் கொல்லையில் ட்ரெயில் கேமரா: பகலெல்லாம் வெற்றுப் படம், இரவில் ஒன்றுமே இல்லை

ஒடுகத்தூரான்:
அனைவருக்கும் வணக்கம். ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இறவைக் கொல்லை இருக்கிறது. தைப் பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டோம். காய் முற்றிவிட்டது, சித்திரைக்குள் பிடுங்கியாக வேண்டும். இந்த நேரம் பார்த்து, இரவில் ஏதோ ஒன்று வந்து செடியைத் தோண்டிக் காயைத் தின்றுவிட்டுப் போகிறது. அப்பா காட்டுப்பன்றி என்கிறார். சித்தப்பா முள்ளம்பன்றி என்கிறார். இருவரும் இதைப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடுகிறது.

சண்டையைத் தீர்க்கலாம் என்று, எதிரே விலங்கு நகர்ந்தால் தானாகவே படம் எடுக்கும் ட்ரெயில் கேமரா ஒன்றை ஆன்லைனில் வாங்கி, வேலியில் நிற்கும் கிளுவையில் மார்பளவு உயரத்தில், கிழக்கே பார்க்கும்படி கட்டினேன். பகலில் நூற்றுக்கணக்கில் படங்கள். எல்லாவற்றிலும் புல்லும் வெயிலும்தான். இரவில் செடி போகிறது, படம் விழவில்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது. கேமரா பழுதா? திருப்பி அனுப்பிவிடலாமா?

பாலாற்றங்கரை வாத்தியார்:
தம்பி, திருப்பி அனுப்பாதீர்கள். பழுது கேமராவில் இல்லை, நம் ஊர் வெயிலில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் பௌதிகம் நடத்தியவன், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அந்தச் சென்சாருக்குப் பன்றியும் தெரியாது, புல்லும் தெரியாது. சூட்டின் வித்தியாசம் மட்டுமே தெரியும். முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் வில்லை அதன் பார்வையைக் கீற்றுக் கீற்றாகப் பிரிக்கிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்கு நகர்ந்தால் படம் எடுக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 20 மீட்டர் தூரம் குளிர் தேசத்துக் கணக்கு. பனிக் காட்டில் ஒரு மான், இருட்டில் ஏற்றிய அகல் மாதிரி அதற்குத் தெரியும். வேலூரில் சித்திரை மாதத்தில் காற்றே 40 டிகிரியைத் தொடுகிறது. பன்றியின் உள்சூடு 38, 39 இருக்கும். ஆனால் சென்சார் பார்ப்பது வெளித்தோலையும் மயிரையும். அவற்றின் சூடு இன்னும் குறைவு. பகலில் காய்ந்த மண் மாலையில் ஆறிக்கொண்டே வரும்போது, ஒரு கட்டத்தில் மண்ணும் விலங்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கும். அப்போது அது கேமராவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து தின்றாலும் சென்சாரைப் பொறுத்தவரை அங்கே யாரும் இல்லை.

பகல் படங்களுக்குக் காரணமும் இதுவேதான். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடுகிறது. போதாததற்கு நீங்கள் கட்டியிருக்கும் கிளுவையும் ஆடுகிறது.

உங்கள் வரப்பில் பனை இல்லாமலா இருக்கும்? அதில் கட்டுங்கள். பனை அடிமரம் புயலுக்கே அசையாது. முழங்கால் உயரம் போதும். மார்பளவில் கட்டினால் குட்டையான விலங்கு கீழேயே நழுவிவிடும். தோண்டிய இடம் மூன்று நான்கு மீட்டருக்குள் இருக்கட்டும். வடக்கே பார்த்து வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் அடிக்காது. விலங்கு நேராகக் கேமராவை நோக்கி வந்தால் சென்சார் தாமதமாகத்தான் விழிக்கும். சரியாகக் குறுக்கே ஓடினால் வாலை மட்டும் பிடிக்கும். அதனால் அது வரும் தடத்துக்குச் சாய்வாகத் திருப்புங்கள். எதிரே உள்ள புல்லையும் தாழத் தொங்கும் பனையோலையையும் அறுத்துவிடுங்கள். உணர்திறனை உச்சத்தில் வையுங்கள், ஆனால் மாலை ஆறு முதல் காலை ஏழு வரை மட்டும் வேலை செய்யும்படி டைமர் போடுங்கள். வெற்றுப் படத் தொல்லை அத்தோடு ஒழியும். ஒரு தூண்டலுக்கு மூன்று படம்.

இன்னொன்று. படம் விழும் வரை தரையைப் பாருங்கள். பன்றி மூக்கால் உழுதுபோட்டுவிட்டுப் போகும். முள்ளம்பன்றி அப்படி உழாது, செடியடியில் குழி பறிக்கும். தேடினால் முள் கிடைக்கும்.

குடியாத்தம் வண்டிக்காரன்:
கொல்லையில் எதற்கு அண்ணா? மலை ஏறும் ஒற்றையடிப் பாதையில் கட்டுங்கள். கரடியே படத்தில் விழும்.

பாலாற்றங்கரை வாத்தியார்:
கரடி விழும், பின்னாலேயே வனக்காவலரும் வருவார். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கேமராவும் போகும், அபராதமும் கட்ட வேண்டும். சொந்தப் பட்டா நிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே சிறுத்தை விழுந்தாலும் வாட்ஸ்அப்பில் போடாமல் வனச்சரகரிடம் கொடுங்கள். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு படம் சுற்ற ஆரம்பித்தால், எங்கோ எடுத்த பழைய படங்களும் சேர்ந்துகொண்டு ஊரே ராத்திரி தூங்காது.

அணைக்கட்டு மலர்:
ஆண்கள் யாருக்கும் தோன்றவில்லை, நான் சொல்கிறேன். விடியலுக்கு முன் வரப்பு வழியாகப் பெண்கள் போய்வருவார்கள். இரவில் படமெடுக்கக் கேமராவில் எரியும் அகச்சிவப்பு விளக்கு 850 நானோமீட்டர் என்றால் லேசான சிவப்பாவது கண்ணில் படும். 940 என்றால் எரிவதே தெரியாது. எங்கள் ஊரில் ஒருவர் சொல்லாமல் கட்டிவைத்து, பஞ்சாயத்து வரைக்கும் போனது. கிணற்றுப் பாதை தெரியாத கோணத்தில் வையுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். மனிதர்கள் விழுந்த படத்தை அன்றன்றே அழித்துவிடுங்கள்.

ஒடுகத்தூரான்:
மலர் அக்கா சொன்ன பிறகுதான் அந்தக் கோணம் உறைத்தது. கேமராவை உள்பக்கம் திருப்பிவிட்டேன், பக்கத்துக் கொல்லைக்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது.

பனையில் முழங்கால் உயரத்தில் கட்டினேன். முள்ளம்பன்றி, மூன்று படமும் தெளிவு, முள் சிலிர்த்தபடி. சித்தப்பா அதைக் கைப்பேசியில் முகப்புப் படமாகவே வைத்துவிட்டார். அப்பா பார்த்துவிட்டு, “பன்றி அதுக்குப் பின்னாலே இருட்டில் நிற்கிறது” என்கிறார்.

ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. பேட்டரி மளமளவென்று தீர்கிறது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரிதான் போட்டேன்.

பாலாற்றங்கரை வாத்தியார்:
அது கடிகாரத்துக்குத்தான் ஆகும். இரவு விளக்கு எரியும் கணத்தில் கேமரா இழுக்கும் மின்சாரத்தை அதனால் கொடுக்க முடியாது. லித்தியம் ஏஏ போட்டால் நீண்ட நாள் வரும், விலைதான் கடிக்கும். ரீசார்ஜ் வகை வாங்குவதானால் ஒன்று பெரும்பாலும் 1.2 வோல்ட்தான் கொடுக்கும் என்பதை நினைவில் வைத்து, அதை ஏற்கும் மாடலா என்று கையேட்டில் பாருங்கள். புதியதையும் பழையதையும் கலக்காதீர்கள். மெமரி கார்டைக் கணினியில் அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

முள்ளம்பன்றி என்று தெரிந்துவிட்டதால், கம்பிவலையை மண்ணுக்குள் ஓர் அடி புதைத்துக் கட்டுங்கள். அது அடியில் பறித்துக்கொண்டு நுழையும் பிராணி. மோட்டார் கொட்டகையிலிருந்து வேலிக்கு மின்சாரம் இழுக்கும் யோசனையை யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். விடியற்காலையில் முதலில் அந்த வேலியைத் தொடப்போவது உங்கள் அப்பாதான்.