மலை இறங்கியபின் பிரேக் மிதி தளர்கிறது, கார் இடப்பக்கம் இழுக்கிறது: பேட் மாற்றியும் தீரவில்லை

கேள்வி (நாமக்கல்)

வணக்கம். எங்கள் வீட்டில் 2010-ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. முன்னே டிஸ்க், பின்னே டிரம், ஏபிஎஸ் கிடையாது. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற மாதம் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சென்றோம். திரும்பும்போது, 70 கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பகுதியைக் கடந்து (எண்கள் அடிவாரத்திலிருந்து தொடங்கும்) இருபதாம் எண் வளைவை நெருங்கியபோது, பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போகத் தொடங்கியது. இரண்டு முறை விட்டு மிதித்தால்தான் வண்டி பிடித்தது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் இறங்கிப் பார்த்தால் கருகிய வாடை. இடப்பக்க முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. வலப்பக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் ஆறிய பிறகு மிதி பழையபடி இறுகிவிட்டது.

உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் முன்பக்க பேட்களை (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) புதிதாக மாற்றினார்கள். ஆனாலும் சமதளத்தில் இருபது கிலோமீட்டர் ஓட்டினாலே வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது. மிதியின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். அது சரிதானா?

மறுமொழி 1 (சேலம்)

பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? மிதி சூட்டில் தளர்ந்து, ஆறியதும் இறுகுவது ஆயில் கொதித்ததற்கான அடையாளம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கான அளவு 140 டிகிரிதான். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் உண்டாகி, நம் கால் கொடுக்கும் அழுத்தம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷர் தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போதும் மிதியை ஒரே அழுத்தமாகப் பிடித்திருந்தால் அது மெல்லத் தரையை நோக்கி அமிழும். உங்களுக்கு அப்படி நேர்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், அமிழவில்லை. ஆயிலை மாற்றி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். டப்பாவில் கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது.

மறுமொழி 2 (ஈரோடு, 30 ஆண்டுகள் பட்டறை வைத்திருந்தவர்)

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது சரியாகும் வரை அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போகாதீர்கள்.

சேலத்து நண்பர் சொன்னது சரி. ஆனால் ஆயிலை மட்டும் மாற்றினால் நோய் உள்ளேயே இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில்தான் போகிறது. அப்படியிருக்க இடப்பக்கம் மட்டும் ஏன் கொதித்தது? நீங்கள் காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் பிரேக்கை விடவில்லை என்பதுதான் காரணம். இதற்கு, பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் இறுகியிருக்கலாம், காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்திருக்கலாம், அல்லது காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம். ஹோஸ் வெளியே நன்றாகவே தெரியும். உட்சுவர் மட்டும் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். நாம் மிதிக்கும் வேகத்தில் ஆயில் எப்படியோ உள்ளே போய்விடும், திரும்பி வர மறுக்கும். பேட் மாற்றியவர் இதைப் பார்க்கவில்லை. கழற்றிய பழைய பேட்களில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால், பின்கள் மேல் பெரிய சந்தேகம் வேண்டாம்.

சோதனை எளிது. வண்டி இழுக்கத் தொடங்கும் வரை ஓட்டிவிட்டுச் சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு வையுங்கள். இடச்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், சுற்ற வராது. இப்போது ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் நட்டை இலேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் அழுத்தம் மேலிருந்து வருகிறது, மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கலாம். விடாவிட்டால் நட்டை இறுக்கிவிட்டு, காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறங்கள். அப்போது ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விட்டால் குற்றம் ஹோஸில்தான். அப்போதும் விடாவிட்டால் காலிப்பரைக் கழற்ற வேண்டியதுதான். ஆயில் சூடாக இருக்கும். கண்ணையும் பெயிண்டையும் காத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், வயது ஒன்றுதானே. பிறகு நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுவதும் வெளியேறும்படி காற்று எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை ஆயிலோடு வெளியேற்ற) வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். அமெரிக்க வீடியோக்களில் பின் வலச்சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், தொலைவிலுள்ள சக்கரம் பின் இடப்பக்கமாகும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நேற்று வேறொரு மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தோம். மேல்நட்டைத் தளர்த்தியபோது சக்கரம் அசையவில்லை. நிப்பிளைத் திறந்ததும் கறுப்பு ஆயில் ஒரு முழம் பீய்ச்சியது, சக்கரம் விரலால் தள்ளினாலே சுற்றியது. கழற்றிய ஹோஸைக் குறுக்கே அறுத்துப் பார்த்தோம். தையல் ஊசி நுழையும் அளவுக்கே துளை இருந்தது. இரண்டு ஹோஸ்களையும் மாற்றி, மூடியில் குறித்திருந்தபடி டாட் 3 ஆயிலே ஊற்றிக் காற்று எடுத்தாயிற்று. இன்று ராசிபுரம் வரை போய்வந்து இரண்டு முன்சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன. மாஸ்டர் சிலிண்டரை மாற்றவில்லை.