பாட்டு வகுப்பைப் பதியத் தனி ரெக்கார்டர் வேண்டுமா, கைப்பேசி போதாதா?

நன்னிலத்தான் எழுதியது:

என் மகள் வாய்ப்பாட்டு கற்கத் தொடங்கியிருக்கிறாள். வகுப்பைப் பதிவுசெய்து வீட்டில் கேட்டுப் பழக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கென்று பாட்டுக் கேட்கவும் பதியவும் பயன்படும் தனிக் கருவி ஒன்றை வாங்கச் சொல்லி, இங்குள்ள மூத்தவர்களும் அவளுடைய ஆசிரியையும் வற்புறுத்துவது வீண் செலவு என்றே நினைக்கிறேன். 2001-இல் வந்த ஐபாட் உலகையே ஆட்டிப்படைத்தது. அதை உருவாக்கிய ஆப்பிள் நிறுவனமே 2022-இல் அதன் கதையை முடித்துவிட்டது. கைப்பேசி அந்த வேலையை விழுங்கிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஐபோனின் குரல் பதிவுச் செயலியில் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வசதி 2018-இலிருந்தே இருக்கிறது. கருவியை மறந்துவிட்டு வகுப்புக்குப் போகலாம்; கைப்பேசியை யாரும் மறப்பதில்லை. தனிக் கருவிதான் வேண்டும் என்பவர்கள், பழக்கத்தையும் பற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் காரணத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

தம்பூராச்செவி எழுதியது:

ஐயா, ஐபாட் பாட்டுக் கேட்பதற்கான கருவி. நீங்கள் கேட்பதோ பதிவைப் பற்றி. இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டீர்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் செய்யும் ஜூம் நிறுவனம் 2010-இல் எச்1 என்ற சிறு ரெக்கார்டரை வெளியிட்டது. 2018-இல் எச்1என், 2024-இல் எச்1 எசென்ஷியல் என்று அதே வரிசையில் புதியவை தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. வாங்குவோர் இல்லாத பொருளை எந்த நிறுவனமும் இப்படிப் புதுப்பித்துக்கொண்டிருக்காது.

நான் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் காரணத்தை என் வகுப்பிலிருந்தே சொல்கிறேன். மாணவி மந்திர பஞ்சமத்தில், அதாவது கீழ் ஸ்தாயியில் மெல்லத் தொடங்கி, மேல் ஸ்தாயியின் தார ஷட்ஜத்துக்கு ஏறி நின்று, அந்தக் கார்வையை, அதாவது நீட்டிப் பிடித்த ஸ்வரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பல கைப்பேசிகளின் சாதாரணப் பதிவுச் செயலியில் பதிந்து கேட்டால், மந்திரமும் தாரமும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒலிக்கின்றன. கார்வை முடியும் இடத்தில் குரல் அடங்குவதற்குப் பதிலாகப் பின்னாலிருக்கும் தம்பூரா திடீரென்று எழும்பி வருகிறது. அடுத்த சங்கதி (அதே வரியை வேறு விதமாகப் பாடுவது) தொடங்கியதும் அந்தத் தம்பூரா சட்டென்று அமுங்குகிறது. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, மெல்லிய ஒலியைத் தூக்கியும் உரத்த ஒலியை அமுக்கியும் செயலி தானாகச் செய்யும் வேலை இது. இரைச்சலை நீக்கும் ஏற்பாடும் சேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதையெல்லாம் இரைச்சலாகக் கருதும் அந்த ஏற்பாட்டுக்குத் தம்பூராவும் மின்விசிறியும் ஒன்றுதான்.

எந்த ஸ்வரத்தில் குரலுக்கு வலு இல்லை, எங்கே மூச்சு தளர்கிறது என்று அறிவதற்காகவே மாணவி பதிவைக் கேட்கிறாள். அந்த வேறுபாட்டையே அழித்துவிட்ட பதிவு அவளுக்கு எதைக் கற்றுத்தரும்? தனிக் கருவியில் தானியங்கி அளவை நிறுத்திவைக்கலாம். வகுப்பு தொடங்கும் முன் மாணவியைத் தார ஸ்தாயியில் முழுக் குரலில் ஒரு முறை பாடச் சொல்லி, அளவுகாட்டி கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதவாறு (சுழியத்தைத் தாண்டினால் ஒலி சிதையும்) பதிவு அளவை வைத்துவிட்டால், வகுப்பு முடியும்வரை அதைத் தொட வேண்டியதில்லை.

ஒலிப்பொறியன் எழுதியது:

தம்பூராச்செவி அம்மா சொன்ன கோளாறு உண்மைதான். ஆனால் குற்றவாளி கைப்பேசி அன்று, அதில் இருக்கும் செயலி. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 பதிப்பிலேயே, எந்தத் திருத்தமும் செய்யப்படாத மைக் ஒலியைச் செயலிகள் நேரடியாகப் பெறுவதற்கு வழி செய்யப்பட்டுவிட்டது. அதைப் பயன்படுத்தி, பதிவு அளவைக் கையால் வைக்க விடும் செயலிகள் கிடைக்கின்றன. செயலியை மாற்றினால் தீரும் குறைக்குக் கருவியையே மாற்றச் சொல்வது அதிகப்படி.

மேலும், ரெக்கார்டர்களைப் பற்றி இங்கே யாரும் சொல்லாத ஒன்று உண்டு. மலிவான கருவிகளில் மைக்கின் ஒலியைப் பெருக்கும் சுற்றுக்கே ஒரு மெல்லிய சீறல் இருக்கிறது. வீணையைச் சற்றுத் தள்ளி வைத்துப் பதிந்தால் அந்தச் சீறல் நன்றாகவே கேட்கும். பிளாஸ்டிக் உடலைக் கையில் பிடித்துக்கொண்டு பதிந்தாலோ விரல் நகர்வதெல்லாம் இடியாக விழும்.

என் கணக்கில் கருவியைவிட அதை வைக்கும் இடம்தான் முக்கியம். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் குரலின் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். வகுப்பறையில் சுவர்களிலிருந்து திரும்பும் எதிரொலி அதனுடன் கலப்பதால் கணக்கு சற்று மாறலாம்; மின்விசிறியின் இரைச்சல் மட்டும் எங்கே வைத்தாலும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். அறையின் மூலையில் அலமாரி மேல் வைக்கப்பட்ட விலை உயர்ந்த ரெக்கார்டரைவிட, பாடுபவருக்கு ஒரு மீட்டர் தொலைவில், மடித்த துண்டின் மேல் கிடக்கும் சாதாரணக் கைப்பேசி தெளிவாகப் பதியும். துண்டு எதற்கென்றால், மிருதங்கம் இருக்கும் வகுப்பில் வெறுந்தரையில் வைத்த எந்தக் கருவியும் மிருதங்கத்தின் தொப்பியின் (கனத்த ஒலி தரும் பக்கம்) அதிர்வைத் தரை வழியாகவே வாங்கிக்கொள்ளும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரத்தில் மின்னும் எண்களைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அந்த அளவில் ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ 2 ஜிபி இடத்தைப் பிடிக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் அதில் பாதி போதும். குரல் பயிற்சிக்கு முன்னதால் கிடைக்கும் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

தம்பூராச்செவி எழுதியது:

ஆண்ட்ராய்டு 7 வழி திறந்தது சரி. ஆனால் அந்த வசதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு கைப்பேசியில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இருக்கிறதா என்பதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. என் மாணவர்களின் பெற்றோர்களில் எத்தனை பேர் இதைத் தேடிப் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பார்கள்? ரெக்கார்டரிலோ கண்ணுக்குத் தெரியும் ஒரு பொத்தானைத் தள்ளினால் முடிந்தது. சீறலைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே சொல்லும் அந்த ஒரு மீட்டர் தொலைவில் பாடும் குரலுக்கு முன்னால் அது காதில் விழாது.

பழைய நாடா எழுதியது:

இருவரும் ஒலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேசட் காலத்திலிருந்து பதிந்துவருகிறவன் என்ற முறையில் இரண்டு செய்திகளை மட்டும் இடையில் வைக்கிறேன். (என் கேசட் பெட்டிகளைப் பார்த்து வீட்டில் பெருமூச்சு விடுகிறவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.)

கேசட்டில் பேட்டரி தளரத் தளர மோட்டாரின் வேகம் குறையும். அப்படிப் பதிந்ததை வேறொரு கருவியில் போட்டால் சுருதி அரைக்கட்டை ஏறி நிற்கும். அதோடு சேர்ந்து பாடிப் பழகவே முடியாது. டிஜிட்டல் பதிவில் அந்தத் தொல்லை அடியோடு ஒழிந்துவிட்டது. கைப்பேசியானாலும் தனிக் கருவியானாலும் இந்தப் பயன் பொதுவானது என்பதால், இதை வைத்து எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

இரண்டாவது செய்தி கோப்பைப் பற்றியது. 1992-இல் சோனி கொண்டுவந்த, சிறு தட்டில் பதியும் மினிடிஸ்க் ஒலித்தரத்தில் அருமையானது. ஆனால் அதன் பல கருவிகளில், நாமே மைக் வைத்துப் பதிந்த பாட்டைக்கூடக் கணினிக்குக் கோப்பாக எடுக்க விடமாட்டார்கள். ஒரு மணி நேரப் பதிவை மாற்ற, அதை ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கம்பி வழியே மறுபடியும் பதிய வேண்டும். 2004-இல் அதன் புதிய வடிவமான ஹை-எம்டி வந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறந்தது. பதியக்கூடிய மினிடிஸ்க் தட்டுகளின் தயாரிப்பையும் 2025-இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே எதை வாங்கினாலும், பதிவு சாதாரண வேவ் கோப்பாகச் சாதாரண மெமரி கார்டில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

நன்னிலத்தான் எழுதியது:

பழைய நாடா ஐயா சொன்னது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. கைப்பேசியில் பதிந்தது அன்றிரவே இணையக் கிடங்குக்குப் போய்விடுகிறது. தொலைந்தாலும் பதிவு மிஞ்சும். தனிக் கருவியின் கார்டோ நகத்தளவுப் பொருள். அதில் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெறும் எண்கள். பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றுபோன கருவியாக இருந்தால் தேதியும் பொய். ஒரு வருடம் கழித்து ‘அந்தத் தோடி வர்ணம் எங்கே’ என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? பதிகிறவர்கள் பெரும்பாலும் திரும்பக் கேட்பதே இல்லை என்பதுதான் நான் சுற்றிலும் காணும் உண்மை. கேட்காத பதிவுக்குப் பத்தாயிரம் ரூபாய் கேட்கும் கருவி எதற்கு?

இன்னொன்று: சட்டைப் பையில் அடங்கும் கருவி கையில் இருந்தால் சபாக் கச்சேரியிலும் ஒளித்துவைத்துப் பதியத் தோன்றும். அது சரியா?

தம்பூராச்செவி எழுதியது:

திரும்பக் கேட்பதில்லை என்றீர்களே, அங்குதான் தனிக் கருவி உதவுகிறது. ஒரு சங்கதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஒலிக்க வைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியும் பலவற்றில் உண்டு. பிருகாவை, அதாவது ஸ்வரங்கள் வேகமாக உருளும் இடத்தைப் பாதி வேகத்தில் கேட்டால் எந்த ஸ்வரத்திலிருந்து எதற்குப் போகிறது என்பது விளங்கிவிடும். கைப்பேசியிலும் இவற்றைச் செய்யும் செயலிகள் இருப்பதை அறிவேன். ஆனால் கம்பி ஹெட்போன் செருகும் துளை பல கைப்பேசிகளில் இன்று இல்லை. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால், கேட்பதற்கு அது போதுமே தவிர, கேட்டுக்கொண்டே உடன் பாடித் தன் குரலையும் பதிந்துபார்க்க உதவாது.

பெயர் தெரியாத கோப்புகளுக்கு மருந்து எளியது. பொத்தானை அழுத்தியதும் முதலில் தேதியையும் ராகத்தையும் உருப்படியின் பெயரையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். கடிகாரம் நின்றாலும் அது நிற்காது.

சபா விஷயத்தில், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ நேர்மையான கற்பித்தலுக்காகவும் ஆய்வுக்காகவும் மட்டுமோ செய்யப்படும் பதிவு நிகழ்த்துகிறவரின் உரிமையை மீறியதாகாது என்கிறது. ஆனால் பதியக் கூடாது என்று அரங்கத்தார் விதி வைத்திருந்தால், அதை ஏற்றுத்தான் நாம் உள்ளே போகிறோம். ஒளித்துவைக்கக் கைப்பேசியும் போதும் என்பதால், இதைக் கருவியின் குற்றமாக எழுதுவது பொருந்தாது. வகுப்பிலும் ஆசிரியரின் அனுமதி வேண்டும். அனுமதித்துப் பதிந்ததையும் அவரைக் கேட்காமல் வாட்ஸாப் குழுவில் போடக் கூடாது.

ஒலிப்பொறியன் எழுதியது:

நன்னிலத்தான் ஐயாவுக்கு ஒரு யோசனை. வாங்குவதற்கு முன், ஆசிரியையின் கருவியையும் உங்கள் கைப்பேசியையும் ஒரே துண்டின் மேல் அருகருகே வைத்து, அதே பாடத்தை இரண்டிலும் பதியுங்கள். கைப்பேசியை விமான நிலையில் வைத்துவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நிற்காது. பிறகு இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்திய பின்பே ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் உரக்கக் கேட்பதே நல்லதாகத் தோன்றும். குரல் நின்ற இடங்களில் தம்பூரா எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். புதிய கருவிகளில் வரும் 32 பிட் ஃப்ளோட் முறையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள்: பதிவு அளவைத் தவறாக வைத்தாலும் கோப்பில் ஒலி சிதையாது என்பது சரிதான், மைக்கே தாங்க முடியாத ஒலியில் ஏற்படும் சிதைவை அதுவும் சரிசெய்யாது.

நன்னிலத்தான் எழுதியது:

செய்துபார்க்கிறேன். ஆனால் ஆசிரியையின் கருவியில் அளவை அவர் கையால் வைப்பார், என் கைப்பேசியோ தானாக வைத்துக்கொள்ளும். இது சமமான போட்டியா?

தம்பூராச்செவி எழுதியது:

நாம் இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்ததே அந்த வேறுபாட்டைப் பற்றித்தான், ஐயா. கைப்பேசியிலும் கையால் வைக்க முடிந்தால் வைத்தே பதியுங்கள்; எனக்கு மறுப்பில்லை. மின்விசிறியை மட்டும் இரண்டுக்கும் சேர்த்து நிறுத்திவிடுங்கள்.

நன்னிலத்தான் எழுதியது:

சித்திரை மாதத்தில் மின்விசிறியை நிறுத்தினால் பாடுகிறவள் எழுந்து போய்விடுவாள். ஓடவிட்டே பதிகிறேன், இரண்டு கோப்புகளையும் ஆசிரியை அனுமதித்தால் இங்கேயே தருகிறேன்.