பௌரானில் ஜிக் வாசிக்கும்போது அடி தடுமாறுகிறது

கேள்வி:
மூன்று மாதங்களாக அயர்லாந்தின் பௌரான் பழகி வருகிறேன். என்னிடம் இருப்பது வெள்ளாட்டுத் தோல் போர்த்திய, 16 அங்குல விட்டமுள்ள மேளம். நான்கு நான்கு அடிகளாகச் செல்லும் ரீல் என்னும் நடன மெட்டுகளுக்குத் தடையின்றி வாசிக்க முடிகிறது. ஆனால் 6/8 தாளத்தில், மும்மூன்று அடிகளாகச் செல்லும் ஜிக் என்னும் நடன மெட்டைத் தொடங்கினால், நாலைந்து சுற்றுக்குள் மணிக்கட்டு இறுகி, 'தகிட தகிட' என்று விழ வேண்டியது 'தகதிமி'யாகிவிடுகிறது. என் பிழை எங்கே இருக்கிறது?

மறுமொழி 1:
குச்சி கீழும் மேலுமாக மாறி மாறிச் செல்வதால், முதல் 'தகிட'வின் அழுத்தம் கீழடியிலும் இரண்டாவதின் அழுத்தம் மேலடியிலும் விழும். தொடக்கநிலையில் எல்லோருக்கும் மேலடி மெலிந்தே ஒலிப்பதால், காது அந்த அழுத்தத்தைத் தவறவிட்டு, பழகிப்போன ரீலுக்குள் நழுவிவிடுகிறது. ஒரு வாரம் ஜிக்கை மறந்துவிட்டு, மேலடியை மட்டும் மிக மெதுவாக அடித்துப் பழகுங்கள். டிப்பர் என்னும் அந்தக் குச்சியைப் பேனா பிடிப்பதுபோலத் தளர்வாகப் பிடித்து, கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவதுபோல மணிக்கட்டைச் சுழற்றுங்கள். முழங்கையிலிருந்து அடித்தால் இறுக்கம் தீராது.

மறுமொழி 2:
ஒவ்வொரு 'தகிட'வையும் கீழ்-மேல்-கீழ் என்றே தொடங்குவோரும் உண்டு. அதில் அழுத்தம் தெளிவாக விழும். ஆனால் அடுத்தடுத்து இரு கீழடிகள் வருவதால், வேகம் கூடினால் கை களைத்துவிடும். நானும் அப்படித் தொடங்கி, பிறகு மாற்றிக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.
இடக்கையையும் கவனியுங்கள். அது தோலின் உட்புறத்தில் அழுத்தியபடி நகர்ந்தால்தான் ஒலி அடங்கும், சுருதி ஏறி இறங்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் கணப்பு எரியும்போது தோல் விறைத்துக் கணீரென்று ஒலித்தால், உட்புறத்தில் சிறிது தண்ணீர் தடவுங்கள். கஞ்சிராவுக்குச் செய்வதும் இதுதானே.

மறுமொழி 3:
1960களில் அயர்லாந்து இசையமைப்பாளர் ஷான் ஓ ரீயடா தம் குழுவில் சேர்த்து மேடையேற்றும்வரை, இது பெரும்பாலும் டிசம்பர் 26 அன்று ரென் குருவியின் பெயரால் வீடு வீடாகச் செல்லும் ஊர்வலங்களில் ஒலித்த மேளம். இன்றைய மதுக்கடை இசைக்கூடல்களில் ஒரே நேரத்தில் ஒரு பௌரான் போதும் என்பது எழுதாத விதி. ஆகவே அங்கே போகும்போது மேளத்தை உறையிலேயே வைத்து, ஜிக்குகளைக் கேட்டபடி தொடையில் விரலால் தட்டிப் பாருங்கள்; மெட்டு மனத்தில் பதியாதவருக்குக் கை மட்டும் எப்படி நிற்கும்?

கேள்வி கேட்டவர்:
நேற்று மேலடியை மட்டும் ஒலிப்பதிவு செய்து கேட்டேன். பாதி அடிகள் காதில் விழவேயில்லை. அதைத்தான் இப்போது பழகுகிறேன்.