கலைச்சொல் வேண்டும்: கதைப் பட்டறையில் ‘ஃபீட்பேக்’

தருமபுரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் எங்கள் கல்லூரியில் சிறுகதைப் பட்டறை. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் ஊன்றிப் படித்துவந்து, அவர் முன்னாலேயே பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு ஒரு பெயர் வேண்டும். போன தடவை ‘விமர்சனம்’ என்று போட்டோம்; பிள்ளைகள் சினிமாவுக்குப் போல மார்க் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஓசூரிலிருந்து:
‘பின்னூட்டம்’ இருக்கிறதே அம்மா. வலைப்பூக் காலத்திலிருந்து புழங்குகிற சொல். விட்டுவிடலாம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
பின்னால் நின்று யார் எதை ஊட்டுகிறார்கள்? ஆங்கிலத்தைப் பிய்த்து ஒட்டிய சொல் அது. தொல்காப்பியப் பாயிரத்தைப் பாருங்கள்: நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்கு ‘அரில்தபத் தெரிந்து’, அதாவது அரில் நீங்க ஆராய்ந்து, தொல்காப்பியர் நூலைக் காட்டினார் என்கிறார் பாயிரம் பாடிய பனம்பாரனார். அரில் என்றால் பின்னிக்கிடப்பது, தூறு, அதிலிருந்து குற்றம். சிக்கலை எடுத்துவிடுவதுதானே இவர்கள் செய்யப்போவது? ‘அரில்களைவு’ என்று வையுங்கள். அரில், அரிதல், அரிப்பு மூன்றுக்கும் வேர் ஒன்றா என்று தனியே எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து:
தனியாகவே எழுதுங்கள் ஐயா. அரில் என்றதும் என் பையன் ‘ஏப்ரலா?’ என்கிறான்.

பென்னாகரத்திலிருந்து:
‘இடித்துரை’? நட்பு என்பது சிரித்துப் பேச மட்டுமல்ல, எல்லை மீறினால் இடித்துச் சொல்லவும்தான் என்று குறள் 784 சொல்கிறது.

தருமபுரியிலிருந்து:
முதல் கதையைக் கூச்சத்தோடு கொண்டுவருகிற பிள்ளையை இடித்தால் மறுநாள் வராது.

அரூரிலிருந்து:
நம் ஊர் அதியமானை மறந்துவிட்டீர்களே! தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் ஆயுதங்கள் மாலை சூடி நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்கள் அரசனுடையதோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து ‘கொல்துறைக் குற்றில’ என்றாரே (புறம் 95). கொல்துறை என்றால் கொல்லனின் உலைக்கூடம். பட்டறைக்கே ‘கொல்துறை’ என்று பெயர் வைக்கலாம்.

ஓசூரிலிருந்து:
நோட்டீசில் போட்டால் கொலை நடக்கும் துறை என்று நினைப்பார்கள். தவிர, புகழ்வது போலப் பழிப்பது தூதுக்குச் சரி. பட்டறையில் அப்படிப் பேசினால் எழுதியவர் நிஜப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு அடுத்த கதையையும் அப்படியே எழுதுவார்.

ஊத்தங்கரையிலிருந்து:
பெயருக்கு முன், அங்கே என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். 1936-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை பரப்பிய வழக்கப்படி, மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த முறை வேறு: முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது பட்டது என்பார்கள், அப்புறம் படைத்தவர் கேள்வி கேட்பார், பிறகு அவர்கள் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகள் கேட்பார்கள், கருத்து கடைசியில்தான், அதுவும் அனுமதி கேட்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

‘கதை நல்லா இருக்கு’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘மூன்றாம் பக்கத்தில் அம்மா கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், பிறகு வந்த மழை வருணனையில் அவளை மறந்தே போனேன்’ என்றால் எழுதியவருக்கு எங்கே கத்தரிக்கோல் வைப்பது என்று தெரியும். இது குற்றம் களைவதும் இல்லை, இடிப்பதும் இல்லை. படித்தவர் தன் வாசிப்பைச் சொல்கிறார். ‘வாசிப்புரை’ போதும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
அந்த மழைக்கு நன்னூல் அன்றே பெயர் வைத்திருக்கிறது: மற்றொன்று விரித்தல். நூலில் வரக் கூடாத பத்துக் குற்றங்களில் ஒன்று. ஆகவே குற்றம் களைவதுதான்.

ஓசூரிலிருந்து:
இந்த இழைக்கும் அதே பெயர் பொருந்தும் ஐயா. கோபிக்காதீர்கள். பத்துக் குற்றப் பட்டியலைக் கையேட்டில் சேர்க்கலாம், பிள்ளைகளுக்கு உதவும். பெயருக்கு வாசிப்புரை, என் ஓட்டு.

பென்னாகரத்திலிருந்து:
சரி, எனக்கும் அதுவே. மேடையில் கட்டுரை வாசிப்பது போலத் தொனித்தாலும் பரவாயில்லை.

தருமபுரியிலிருந்து:
நன்றி. ‘வாசிப்புரை’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பத்துக் குற்றமும் பின்னட்டையில் வருகிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
வாசிப்பு எந்த நூலிலும் குறை சொல்லாது, சொல்வது வாசகன். ஆகவே ‘வாசகவுரை’ என்றாவது இருந்திருக்க வேண்டும். அரில் பற்றிய மடல் நாளை.