வீட்டில் மூன்று பேருக்கும் ரத்தம் கம்மி: ஒரே இரும்பு மாத்திரை போதுமா?

வைகைக்கரை:

வணக்கம். வீட்டில் மூன்று பெண்களுக்கும் ஒரே நாளில் சிபிசி (ரத்த அணுக்கள் பரிசோதனை) எடுத்தோம். முடிவுகள் இப்படி:

மகள், வயது 15. எச்பி (ஹீமோகுளோபின்) 9.2, எம்சிவி 67, ஆர்பிசி (சிவப்பணு எண்ணிக்கை) 4.4. மாதவிலக்கு 8 நாள் நீடிக்கிறது. பள்ளியில் வாரம் ஒரு நீல இரும்பு மாத்திரை தருகிறார்கள், சாப்பிடுகிறாள்.
நான், வயது 44. எச்பி 8.7, எம்சிவி 70, ஆர்பிசி 4.0. ஒரு வருடமாக மாதவிலக்கில் கட்டி கட்டியாகப் போகிறது. 24 நாளுக்கு ஒருமுறை வந்துவிடுகிறது.
மாமியார், வயது 67. எச்பி 9.8, எம்சிவி 104, ஆர்பிசி 2.9. சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்பார்மின் சாப்பிடுகிறார். சுத்த சைவம்.

மருந்துக்கடையில் மூன்று பேருக்கும் 100 மி.கி. இரும்பு மாத்திரையே கொடுத்தார்கள். கூடவே பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார்கள். இது போதுமா? எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்?

நுண்நோக்கி (ஆய்வகப் பணி):

மூன்று ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச்பி மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எம்சிவிதான் கதையைச் சொல்கிறது. அது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை சரியான அளவு. இரும்பு போதாவிட்டால் அணு சிறுக்கும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் போதாவிட்டால் அணு பெருக்கும். உங்களுக்கும் மகளுக்கும் சிறுத்திருக்கிறது, மாமியாருக்குப் பெருத்திருக்கிறது. ஆக, அவருக்கு வந்திருப்பது வேறு சோகை. அந்த இரும்பு மாத்திரையை அவருக்குக் கொடுத்தால் மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும், எச்பி மட்டும் நகராது.

மெட்பார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடலில் பி12 உறிஞ்சுவது குறையும். அசிடிட்டிக்கு ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையும். சைவ உணவில் பி12 பால், தயிரிலிருந்து மட்டும்தான் வருகிறது. மூன்றும் ஒருவரிடமே சேர்வது நம் ஊர்ப் பாட்டிகளிடம் சாதாரணம். அவருக்கு பி12, டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை) இரண்டும் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் எம்சிவி ஏறும். பி12 200-க்குக் கீழ் இருந்தால் குறைபாடு உறுதி. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் பி12 ஊசி போட வேண்டும். ஊசி போட்டுவிட்டுப் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இரும்பு மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் போனால் ரத்தம் ஓரளவு தேறியதுபோல் தெரியும், உள்ளே நரம்புச் சேதம் தொடரும். பாதத்தில் மரத்துப்போதல், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம், நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது இவற்றில் எதுவாவது இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். "சர்க்கரையால் கால் மரக்கிறது" என்று நினைத்திருப்பார். பி12-உம் அதைத்தான் செய்யும்.

உங்களுக்கும் மகளுக்கும் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் பரிசோதனை) ஒருமுறை பார்ப்பது நல்லது, மாத்திரை தொடங்கும் முன்பே. 15-க்குக் கீழ் என்றால் இருப்பு காலி. 30-க்குக் கீழ் என்றாலே பெரும்பாலான மருத்துவர்கள் இரும்பு கொடுப்பார்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். அந்த வாரம் எடுக்க வேண்டாம்.

மகளிர்நலம் (மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்):

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் உங்களையும் மகளையும் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மி.கி. இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது கணக்கு. அப்படியென்றால் மாதம் 35, 40 மி.கி. இரும்பு வெளியே போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ நாளுக்கு 1 முதல் 2 மி.கி.தான். அதிலும் ஒரு மி.கி. தோல், குடல் வழியாக அன்றாடம் கழிந்துவிடுகிறது. போக்கை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

80 மில்லியை யாரும் அளந்து பார்க்க முடியாது. ஒன்று இரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துவிடுகிறது, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது, இரண்டு நாப்கின் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுகிறது, 7 நாளைத் தாண்டுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு 44. முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. இந்த வயதில் எதற்கு என்று நினைக்காதீர்கள், அதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பிறகு டிஎஸ்எச், உள்வழி ஸ்கேன். ஸ்கேனை உதிரம் நின்ற சில நாளுக்குள் எடுத்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிதாக இருக்கும், பாலிப் (உள்சவ்வில் வளரும் சிறு சதை) இருந்தால் கண்ணில் படும். ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி) என்று வந்தால் அளவைப் பார்த்துப் பயப்படாமல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உள்சவ்வைத் தள்ளிக்கொண்டிருக்கும் 1.5 செ.மீ. கட்டி ஊற்றுப்போலப் போக வைக்கும். வெளிச்சுவரில் தொங்கும் 5 செ.மீ. கட்டி ஒரு சொட்டும் கூட்டாது. 45 வயதைத் தொட்டவர்களுக்கு உள்சவ்வு பயாப்சி (சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பது) தேவை. எடை அதிகம், சர்க்கரை, பல வருட சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் 45-க்கு முன்பே எடுக்க வேண்டும். வெளிநோயாளியாகவே மெல்லிய குழாய் வைத்துச் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் 500 மி.கி. மாத்திரை, ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, அதிகம் போகும் நாட்களில் மட்டும். நாலைந்து நாளுக்கு மேல் வேண்டாம். போக்கு ஏறக்குறையப் பாதியாகும். காலில் ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் தொடவே கூடாது. அதனால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். நார்எதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மறுபடி உதிரம் வரும். அது மருந்து நின்றதால் வருவது. பலர் "மறுபடி ஆரம்பித்துவிட்டது" என்று பதறி தாங்களாகவே அதே மாத்திரையைத் தொடர்கிறார்கள்.

பயாப்சி நன்றாக வந்து, கர்ப்பப்பை உள்ளே பெரிய கட்டியும் இல்லையென்றால் காப்பர்-டி போல உள்ளே வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் கசியும் சாதனம் மிக நல்ல வழி. அதில் 52 மி.கி. மருந்து இருக்கிறது, குறைந்தது 5 வருடம் வேலை செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது கறை படும். அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் பொறுக்காமல் எடுத்துவிடுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், பயாப்சி முடிவு என்ன, இந்தச் சாதனம் ஏன் எனக்கு ஒத்துவராது, சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா என்று மூன்றையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 44 வயதில் சினைப்பையும் போனால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து நிற்கும், எலும்பு தேய ஆரம்பிக்கும்.

மகளுக்கு: வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் மாதாமாதம் கருமுட்டை வெளிப்படாது, அதனால் முன்பின் ஆவது சகஜம். ஆனால் 8 நாள் போய், எச்பி 9-க்கு இறங்கியதை "வயசுக் கோளாறு" என்று விடக் கூடாது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், பத்து நிமிடம் நிற்காத மூக்கு ரத்தம், இடிக்காமலேயே நீலம் பூப்பது, முதல் மாதவிலக்கிலிருந்தே இப்படித்தானா என்று கேளுங்கள். ஆம் என்றால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை, குறிப்பாக வான் வில்லிபிராண்டு நோய், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாமியாருக்கு மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி கறை பட்டாலும் உடனே காட்டுங்கள். வயதான பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

கிராமச்செவிலி:

அக்கா, டாக்டரம்மா சொன்னதுக்கு மேல மாத்திரை சாப்பிடுற விதத்தை மட்டும் நான் சொல்றேன். பாதி பேருக்கு எச்பி ஏறாததுக்குக் காரணம் இதுதான்.

பள்ளியில தர்ற நீல மாத்திரையில 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கு. வாரத்துக்கு ஒண்ணு, அது ரத்தசோகை வராம இருக்கத்தான். வந்துட்ட பிள்ளைக்கு அது பத்தாது. அரசுத் திட்டத்துல லேசான, நடுத்தர சோகைக்கு இதே அளவு மாத்திரை தினம் ரெண்டு, மூணு மாசம். ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டி எழுதி வாங்கிக்கோங்க.

மாத்திரையை காபி, டீ, பாலோட விழுங்கவே கூடாது. முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் காபி வேண்டாம். நம்ம வீட்டுல ஆறு மணிக்கு காபி, எட்டு மணிக்கு டிபன், உடனே இன்னொரு டம்ளர் காபின்னு போகும். அதனால காலையை விட்டுட்டு பதினோரு மணிக்கு, எலுமிச்சை ஜூஸ் இல்ல ஒரு நெல்லிக்காயோட சாப்பிடுங்க. கால்சியம் மாத்திரை இருந்தா ராத்திரிக்கு மாத்துங்க. தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும்.

குமட்டல் வந்தா நிறுத்தாதீங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பாருங்க. அதுவும் ஆகலைன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமான்னு டாக்டரைக் கேளுங்க. ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் ஏறி, ஒரு நாள் முழுக்க குடல் கதவைப் பாதி மூடிடும். ஒருநாள் விட்டுப் போட்டா ஒவ்வொரு மாத்திரையிலயும் கூடுதலா உள்ள போகும். மலம் கறுப்பாப் போறது மருந்தோட நிறம், பயம் வேண்டாம். தார் மாதிரி ஒட்டிக்கிட்டு, நாத்தத்தோட போனா அது வேற, வயித்துக்குள்ள ரத்தக்கசிவு.

ஒரு மாசத்துல எச்பி குறைஞ்சது 1 கிராம் ஏறணும். ஏறலைன்னா மாத்திரை போடலையா, காபியோட போட்டாங்களா, போக்கு நிக்கலையா, இல்ல காரணமே வேறயான்னு பாக்கணும். எச்பி 12 வந்ததும் பாதி பேர் நிறுத்திடுறாங்க. இருப்பு நிரம்ப இன்னும் மூணு மாசம் வேணும். நிறுத்துனா அடுத்த ஆடிக்குள்ள பழையபடி 9-ல நிப்பாங்க.

குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல் 400 மி.கி. மகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒண்ணு, மென்னு சாப்பிடணும். கொக்கிப்புழு குடல்ல இருந்து ரத்தம் குடிக்கும்.

பீட்ரூட்டோட சிவப்பு இரும்பு இல்லக்கா. 100 கிராம்ல 1 மி.கி.கூடக் கிடையாது, மாதுளையில அதைவிடக் கம்மி. அசைவம் சாப்பிட்டா ஆட்டு ஈரல், சுவரொட்டி வாரம் ஒருநாள் போதும், அந்த இரும்பு நல்லா ஒட்டும். சைவம்னா முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு, பயறு, கடைசியில எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுங்க. ஆனா எச்பி 8.7-ஐ கீரையால மட்டும் ஏத்த முடியாது, மாத்திரை கண்டிப்பா வேணும்.

மாத்திரை அட்டையை மேல் அலமாரியில வைங்க. சின்னக் குழந்தை மிட்டாய்னு நாலஞ்சு முழுங்கினாலே ஆபத்து.

வைகைக்கரை:

மிக்க நன்றி. மாமியாருக்கு இரும்பை நிறுத்திவிட்டோம், நாளை பி12-க்கு ரத்தம் கொடுக்கிறோம். ஊசி என்றால் எத்தனை போடுவார்கள்?

மகளிர்நலம்:

வழக்கமாக 1000 மைக்ரோகிராம், முதல் ஒன்றிரண்டு வாரம் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. எச்பி சரியாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மெட்பார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கொன்றைப்பூ:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தங்கை கர்ப்பம், 11வது வாரம். எச்பி 10.2, எம்சிவி 63, ஆர்பிசி 5.3. அவளுக்கும் இரும்புக் குறைதானா?

நுண்நோக்கி:

எம்சிவியை ஆர்பிசியால் வகுத்துப் பாருங்கள். 63-ஐ 5.3-ஆல் வகுத்தால் 12-க்குச் சற்றுக் கீழே வருகிறது. மேலே மகளுக்கு 15, அம்மாவுக்கு 17.5. 13-க்குக் கீழ் வந்தால் தலசீமியா (ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரைக் குறை) மரபுக்கூறு இருக்கலாம் என்ற சந்தேகம் வர வேண்டும். இரும்பு குறைந்தால் உடம்பு சிவப்பணுவைக் குறைவாகச் செய்யும். மரபுக்கூறில் அணு சிறிதாக இருந்தாலும் எண்ணிக்கை கூடியிருக்கும். இது சந்தேகம் மட்டும்தான். உறுதிசெய்ய எச்பிஎல்சி என்ற ஆய்வக முறையில் எச்பி ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) பார்க்க வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் பீட்டா தலசீமியா மரபுக்கூறு. கடுமையான இரும்புக் குறை சேர்ந்திருந்தால் ஏ2 குறைத்துக் காட்டும், அதனால் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். ஃபோலிக் அமிலத்தை நிறுத்த வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து தரும் சிவப்பு இரும்பு மாத்திரையையும் மருத்துவர் வேண்டாம் என்று சொன்னாலொழியச் சாப்பிடலாம். மரபுக்கூறு உள்ளவருக்கும் கர்ப்பத்தில் இரும்பு குறையும்.

தங்கைக்கு இதனால் பெரிய தொந்தரவு வராது. கவலை குழந்தையைப் பற்றியது. கணவருக்கும் அதே மரபுக்கூறு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் (நோயின் கடுமையான வடிவம்) வரலாம். கருவைப் பரிசோதிக்க நஞ்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 14 வாரத்துக்குள்; அது தவறினால் 16 வாரத்தில் பனிக்குட நீர். எனவே தங்கையின் ஏ2 முடிவுக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே கணவருக்கும் ஒரு சிபிசியும் எச்பிஎல்சியும் கொடுத்துவிடுங்கள்.