புதுப்பிப்பு: முட்டுக்காட்டில் கொடுவாவுக்கு எந்த பிரெய்டு லைன்?

முட்டுக்காடு கழிமுகத்தில் லூர் (செயற்கை இரை) வீசி கொடுவா மீன் பிடிக்க 4 இழை பிரெய்டு (இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) நல்லதா, 8 இழையா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பி.இ. 1.5 அளவில் (பி.இ. என்பது பிரெய்டின் தடிமனைக் குறிக்கும் எண்) 4 இழை வாங்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. தூண்களில் ஒட்டிய சிப்பியில் உரசினாலும் தாங்குகிறது. 8 இழையில் ஒவ்வொரு இழையும் மெல்லிசு, சீக்கிரம் பிசிறடிக்கும். 4 இழையில் வீசும்போது தூண்டில் கோலின் வளையங்களில் கொஞ்சம் சத்தம் வரும், அது பரவாயில்லை. முன்னால் 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் தனி நூல்), அதை பிரெய்டோடு இணைக்க எஃப்.ஜி. முடிச்சு. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி வெட்டும், லீடர் இல்லாமல் போகவே கூடாது.

எதிர்பாராதது ஒன்று: மீன் இழுத்தபோது ரீலின் ஸ்பூலில் (நூல் சுற்றும் உருளை) சுற்றியிருந்த பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுழன்றது. பார்த்தால் டிராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விடும் பிரேக்) கெட்டுப்போன மாதிரியே இருக்கும். அடியில் கொஞ்சம் மோனோ நைலான் (ஒற்றை இழை நூல்) சுற்றி, அதோடு பிரெய்டை முடிச்சுப் போட்டதும் சரியாகிவிட்டது.